பயணம் ரத்தானால் மிஞ்சுவது என்ன?

நெடுந்தூர சைக்கிள் பயணம் நின்றுபோனால் பணம், உடல், வண்டி, மனம் ஆகியவற்றைக் காப்பது எப்படி? பெரம்பலூர் மாவட்டம் லப்பைக்குடிக்காட்டிலிருந்து கிளம்பும் நான்கு நாள் மாற்றுச் சுற்றுடன் ஒரு சிறப்புக் கட்டுரை.

நெடுந்தூர சைக்கிள் பயணம் ரத்தாகும்போது கைவிட்டுப் போவது தேதி. மாதக்கணக்கில் பழக்கிய கால்களும், பழுது பார்த்து வைத்த வண்டியும், சேர்த்த பணமும், கூட வர ஒப்புக்கொண்ட நண்பர்களும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் அவை வெகுநாள் காத்திருக்காது. பயிற்சி நின்ற சில வாரங்களிலேயே உடலின் தாங்கும் திறன் இறங்கிவிடும். விடுப்பு வேறு காரியத்துக்குச் செலவாகும், பணம் வீட்டுச் செலவில் கரையும், நண்பர்கள் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். அதனால் ரத்துச் செய்தி வந்ததிலிருந்து முதல் மூன்று வாரத்துக்குள் எடுக்கும் முடிவுகள்தான் அத்தனை தயாரிப்பும் பயன்படுமா வீணாகுமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

எதனால் நின்றுபோகிறது

நெடுந்தூரப் பயணங்கள் இருவகை. ஒன்று, அமைப்புகள் நடத்துவது. பிரான்ஸின் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிப்படி உலகெங்கும் நடக்கும் ‘பிரெவே’ ஓட்டங்கள் இந்த வகை. 200 கி.மீ. தூரத்தை பதின்மூன்றரை மணி நேரத்திலும், 300 கி.மீ.யை 20 மணியிலும், 400 கி.மீ.யை 27 மணியிலும், 600 கி.மீ.யை 40 மணியிலும் முடிக்க வேண்டும். முதல் இடம், இரண்டாம் இடம் என்பதெல்லாம் இதில் கிடையாது. குறித்த நேரத்துக்குள் வந்தவர்கள் எல்லோரும் தேறியவர்கள். இந்தியாவில் இவற்றை ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் அமைப்பின் கீழுள்ள உள்ளூர் குழுக்கள் நடத்துகின்றன. இரண்டாவது வகை, நான்கைந்து பேர் சேர்ந்தோ தனியாகவோ சொந்தத் திட்டத்தில் கிளம்புவது. கன்னியாகுமரி வரை, காஷ்மீர் வரை, ஏதாவது ஒரு நோக்கத்தை முன்வைத்து ‘விழிப்புணர்வுப் பயணம்’ என்று தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து புறப்படுவோர் பெரும்பாலும் இந்த வகை.

இரண்டையும் நிறுத்தும் காரணங்கள் ஏறக்குறைய ஒன்றே. அவற்றில் முதலாவது வானிலை. தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் வெள்ளாறும் மருதையாறும் இந்த மாதங்களில் ஒரே இரவில் கரைபுரளக்கூடியவை. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சரிந்து ரயில் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த அந்த விபத்துக்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். மழை எச்சரிக்கையால் ஒரு பயணம் நிறுத்தப்படும்போது அதை மிகையான பயம் என்று ஒதுக்க முடியாது என்பதை இந்தப் பகுதி தன் சொந்த அனுபவத்தில் அறிந்திருக்கிறது.

அடுத்தது அனுமதி. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்திலிருந்து 2022 ஜூனில் ஹஜ் செய்ய நடந்தே கிளம்பிய ஷிஹாப் சோட்டூர், பாகிஸ்தான் விசா கிடைக்காமல் பஞ்சாப் எல்லையருகே மாதக்கணக்கில் தங்க நேர்ந்தது. 2023 பிப்ரவரியில்தான் எல்லையைக் கடந்தார். அந்த ஆண்டு ஹஜ்ஜுக்கு முன் சவூதி போய்ச் சேர்ந்தார்.

மற்றவை காய்ச்சல், காயம், வீட்டில் ஒரு சாவு, வேலையில் விடுப்பு மறுப்பு, பணத்தட்டுப்பாடு. லப்பைக்குடிக்காடு போல வளைகுடா நாடுகளில் வேலை செய்வோர் நிறைந்த ஊர்களில் விடுப்பு ஒரு தனிச் சிக்கல். ஒரு மாத விடுப்பில் வந்தவருக்கு ரத்தான வாரம் அடுத்த வாரத்துக்கு நகர்வதில்லை, அடுத்த விடுப்புக்கே நகர்கிறது. அவரைப் பொறுத்தவரை, கையிலிருக்கும் நாட்களில் செய்யக்கூடிய மாற்று ஒன்று உடனே தேவை.

2020: எல்லோர் பயணமும் நின்ற ஆண்டு

பயண ரத்து என்பதை உலகம் முழுதும் ஒரே நேரத்தில் அனுபவித்தது 2020-இல். அந்த ஆண்டு மார்ச்சில் கொரோனா பரவலால் பிரெவே ஓட்டங்கள் நிறுத்தப்பட்டன. மார்ச் 25 முதல் இந்தியா முழுவதும் ஊரடங்கு. ஜூன் கடைசியில் தொடங்க வேண்டிய டூர் டி பிரான்ஸ் ஆகஸ்ட் 29-க்குத் தள்ளிப்போனது. உலகப் போர்களின்போது 1915 முதல் 1918 வரையும் 1940 முதல் 1946 வரையும் அந்தப் போட்டி நடக்கவேயில்லை. போர் தவிர்த்து வேறெதுவும் அதன் கால அட்டவணையை இவ்வளவு அசைத்ததில்லை. ஐரோப்பாவைக் குறுக்காகக் கடக்கும் டிரான்ஸ்கான்டினென்டல் ஓட்டம் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் ரத்தாகி 2022-இல்தான் நடந்தது. 2021-க்குக் குறித்திருந்த லண்டன் - எடின்பரோ - லண்டன் ஓட்டமும் 2022-க்குப் போனது.

தமிழ்நாட்டில் அந்த ஆண்டின் பல மாதங்கள் மாவட்ட எல்லையைத் தாண்ட இ-பாஸ் வேண்டியிருந்தது. லப்பைக்குடிக்காட்டின் நிலையைப் பார்த்தால் இதன் இறுக்கம் விளங்கும். ஊர் பெரம்பலூர் மாவட்டம், வெள்ளாற்றுப் பாலத்தின் மறுமுனையில் இருக்கும் திட்டக்குடி கடலூர் மாவட்டம். கடைவீதிக்கும் பேருந்துக்கும் தினமும் கடந்துபோன பாலம் மாவட்ட எல்லையாகிவிட்டது. ஆயிரம் கிலோமீட்டருக்குத் திட்டமிட்டிருந்த சைக்கிள்காரர்களுக்கு அந்த மாதங்களில் வாய்த்தது சொந்த மாவட்டத்துக்குள் இருக்கும் சாலைகள் மட்டுமே. பலர் தங்கள் ஊரைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளையும் கிராமச் சாலைகளையும் முதன்முதலாக அறிந்தது அப்போதுதான். வீட்டுக்குள் நிறுத்திய வண்டியைக் கணினியோடு இணைத்து ஓட்டும் முறையும் அந்த ஆண்டு வேகமாகப் பரவியது. 2020 ஜூலையில் டூர் டி பிரான்ஸின் மெய்நிகர் வடிவம் ஒன்றும் நடந்தது.

நடுவழியில் நின்றவை

புறப்படும் முன் ரத்தாவதைவிடக் கடினமானது பாதி வழியில் நிற்பது. 2025 ஆகஸ்டில் லண்டன் - எடின்பரோ - லண்டன் ஓட்டம் தொடங்கிய மறுநாளே ஃபுளோரிஸ் புயல் வந்தது. 1,500 கி.மீ.க்கும் மேற்பட்ட அந்த ஓட்டத்தை அமைப்பாளர்கள் முதலில் நிறுத்திவைத்தார்கள், பிறகு ரத்து செய்தார்கள். நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஓட்டம் என்பதால் பங்கேற்றோரின் ஏமாற்றம் பெரிது. ஆனால் காற்றில் மரம் விழும் சாலையில் சைக்கிள்காரர்களை அனுப்ப எந்த அமைப்பாளருக்கும் உரிமை இல்லை.

2017-இல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலிருந்து சிட்னி வரை, ஏறக்குறைய 5,500 கி.மீ. தூரத்துக்கு நடந்த இந்தியன் பசிபிக் வீல் ரேஸ், மார்ச் 31 அன்று மைக் ஹால் என்ற புகழ்பெற்ற பயணி கான்பெராவுக்கு அருகே கார் மோதி இறந்ததும் அன்றே ரத்தானது. வழியில் இருந்த பலர் போட்டியை மறந்துவிட்டு, அவர் நினைவாகச் சிட்னி வரை ஓட்டி முடித்தார்கள். நோக்கம் மாறினால் அதே சாலைக்கு வேறொரு பொருள் கிடைக்கும் என்பதற்கு இது சான்று.

இந்தியாவின் பழைய எடுத்துக்காட்டு 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பிய ஆறு பார்சி இளைஞர்கள். வெவ்வேறு காரணங்களால் மூவருடைய பயணம் இடையில் நின்றது. அடி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் 1928 மார்ச்சில் பம்பாய் திரும்பினார்கள். ஒருவர் விலகும்போது மொத்தப் பயணமும் நிற்க வேண்டுமா என்பதைக் கிளம்பும் முன்பே பேசிவைக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறும் பாடம்.

முதல் வாரம்: பணமும் செய்தியும்

ரத்து உறுதியானதும் முதல் வேலை கணக்கு. ரயில் டிக்கெட்டை எவ்வளவு முன்னதாக ரத்து செய்கிறோமோ அவ்வளவு பிடித்தம் குறையும். ரயிலே ரத்தானால் முழுத்தொகையும் திரும்பும். விடுதி முன்பணத்தை வேறு தேதிக்கு மாற்றித் தரக் கேட்டால் பல இடங்களில் இசைவார்கள். அமைப்பாளர்களின் நுழைவுக் கட்டணம் திரும்பாவிட்டாலும் அடுத்த ஆண்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுமா என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். குழுவின் பொதுப்பணம் இருந்தால் யார் எவ்வளவு போட்டார்கள், எவ்வளவு செலவானது, எவ்வளவு திரும்புகிறது என்பதை ஒரே தாளில் எழுதி எல்லோருக்கும் அனுப்புவது நட்பைக் காக்கும். விழிப்புணர்வுப் பயணத்துக்கு ஊரார் நன்கொடை கொடுத்திருந்தால் அதைத் திருப்பித் தர வேண்டும், அல்லது கொடுத்தவர் சம்மதத்தோடு அடுத்த பயணத்துக்கு ஒதுக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் ஒரு பொறி உண்டு. “இவ்வளவு செலவு செய்தாகிவிட்டது, போயே தீருவோம்” என்ற எண்ணம். ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற உளவியலாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி உண்டு. இரண்டு பனிச்சறுக்குப் பயணங்களுக்கு டிக்கெட் வாங்கியாகிவிட்டது, ஒன்று 100 டாலர், மற்றது 50 டாலர். 50 டாலர் பயணமே அதிக மகிழ்ச்சி தரும். இரண்டும் ஒரே வார இறுதியில் வருகின்றன, எதற்குப் போவது? பாதிக்கும் மேற்பட்டோர் மகிழ்ச்சி குறைந்த 100 டாலர் பயணத்தையே தேர்ந்தெடுத்தார்கள். போன பணம் எப்படியும் போனதுதான். புயல் எச்சரிக்கையிலும், காய்ச்சல் முழுதும் விடாத உடம்போடும் கிளம்ப வைப்பது இந்தக் கணக்குதான். ரத்து செய்வதா வேண்டாமா என்று யோசிக்கும்போது இதுவரை செலவானதை விட்டுவிட்டு, இனி வரப்போகும் செலவையும் ஆபத்தையும் மட்டும் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஊருக்குச் சொல்வது. பள்ளியில் வழியனுப்பு விழா, கடைத்தெருவில் பேனர் என்று ஏற்பாடு நடந்த பிறகு பயணம் நின்றால், தெருவில் எதிர்ப்படுபவர் எல்லாம் “எப்ப கிளம்புறீங்க?” என்று கேட்பார்கள். காரணத்தை ஒருமுறை தெளிவாக, குழு முழுவதற்கும் ஒரே வாசகத்தில் சொல்லிவிட்டால் இந்தச் சங்கடம் சில நாளில் தீரும். மறைத்தால் வளரும்.

உடல்: எது இறங்கும், எது நிற்கும்

நன்கு பயின்ற விளையாட்டு வீரர்கள் பயிற்சியை முழுதும் நிறுத்தியபோது என்ன ஆகிறது என்று எட்வர்ட் கோய்லும் உடன் ஆய்வாளர்களும் 1984-இல் பதிவு செய்தார்கள். உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு மூன்று வாரத்தில் சுமார் 7 சதவீதமும், எட்டு வாரத்தில் சுமார் 16 சதவீதமும் குறைந்தது. முதலில் குறைவது இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு. தசையில் ஏற்படும் மாற்றங்கள் மெல்லவே வரும்.

நல்ல செய்தியும் உண்டு. ராபர்ட் ஹிக்சனின் ஆய்வுகள் காட்டியபடி, வாரம் ஆறு நாள் செய்த பயிற்சியை இரண்டு நாளாகக் குறைத்தாலும், அந்த இரண்டு நாளும் பழைய கடுமையோடு செய்தால் 15 வாரம் வரை அந்தத் திறன் பெரும்பாலும் நிற்கிறது. ஆகவே ரத்தான பயணி தினமும் 60 கி.மீ. மிதித்து உடலைத் தயார் நிலையில் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வாரம் இரண்டு காலையில், மூச்சு வாங்கும் வேகத்தில் ஒரு மணி நேரமும், மாதம் ஒரு முறை நீண்ட ஓட்டமும் போதும். பயிற்சி குறையும்போது சாப்பாட்டின் அளவும் குறைய வேண்டும், பழைய பசி சில நாள் தொடர்வதால் இதில் கவனம் தேவை. காய்ச்சலோ எலும்பு முறிவோதான் ரத்துக்குக் காரணம் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. மருத்துவர் சொன்ன பிறகே பெடலில் கால் வைக்க வேண்டும்.

வண்டி: நிறுத்திவைக்கும் முறை

பயணத்துக்காகச் செப்பனிட்ட வண்டி மூலையில் நின்றால் ஆறு மாதத்தில் மறுபடி அதே செலவு வைக்கும். செயினை மண்ணெண்ணெய் அல்லது டீசல் விட்டுத் துடைத்து, காய்ந்ததும் எண்ணெய் விட வேண்டும். டயரில் காற்று முழுதும் இறங்க விடக்கூடாது. காற்றில்லாத டயரில் வண்டியின் எடை ஒரே இடத்தில் அழுந்தினால் பக்கவாட்டில் வெடிப்பு வரும். டியூப்லெஸ் டயரில் ஊற்றிய அடைப்புத் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும். விளக்கு, ஜி.பி.எஸ். கருவி ஆகியவற்றின் லித்தியம் பேட்டரியைப் பாதியளவு சார்ஜில் வைப்பது நல்லது. தண்ணீர்ப் பைகளையும் பாட்டில்களையும் கழுவி உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். உப்புச்சர்க்கரைப் பொட்டலம், மருந்துகளின் காலாவதித் தேதியைத் தனித்தாளில் எழுதிப் பையிலேயே வைத்துவிட்டால் அடுத்த முறை தேட வேண்டாம்.

மனம்

ஏமாற்றம் ஏற்படுவது இயல்பு. அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று வீட்டார் சொல்லக்கூடாது, பயணியும் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக்கூடாது. ஆறு மாதம் விடியற்காலையில் எழுந்து, உணவை மாற்றி, சம்பளத்தில் மிச்சம் பிடித்து உழைத்த ஒன்று நடக்காமல் போயிருக்கிறது. முதல் வாரத்தில் வண்டியை விற்பது, குழுவை விட்டு விலகுவது, ‘இனி எங்கும் போவதில்லை’ என்று அறிவிப்பது போன்ற பெரிய முடிவுகளைத் தவிர்க்க வேண்டும். ஒருவருடைய காயத்தாலோ விடுப்பு மறுப்பாலோ எல்லோர் பயணமும் நின்றிருந்தால், அவரைத் தனியே விடாமல் மாற்றுத் திட்டத்தில் முதலில் சேர்க்க வேண்டியவரும் அவரே. மிதிக்க முடியாவிட்டால் வழித்தடம் வகுப்பது, தொலைபேசியில் தொடர்பில் இருப்பது போன்ற பொறுப்பைத் தரலாம். தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பதே முறை.

வாசலில் தொடங்கும் சுற்று

ரத்தான பயணத்துக்கு மிகச் சிறந்த மாற்று, வீட்டு வாசலில் தொடங்கி வீட்டு வாசலில் முடியும் சிறிய பயணம். ரயில், பார்சல், விசா எதுவும் வேண்டாம். எந்த இடத்தில் நின்றாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம். லப்பைக்குடிக்காட்டிலிருந்து பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைச் சுற்றிவர நான்கு நாள் போதும். நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 முதல் 80 கி.மீ.

முதல் நாள் மேற்கே. சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரிக் காடுகளைக் கடந்து சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய ரஞ்சன்குடி கோட்டை. 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வாலிகொண்டா போர் நடந்த பகுதி இது. அடுத்து வாலிகண்டபுரம். பீஜப்பூர் சுல்தானின் ஆளுநராக இங்கிருந்து ஆண்ட ஷேர்கான் லோதிதான் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் குடியேற இடம் கொடுத்தவர். வாலீஸ்வரர் கோயிலும் பழைய பள்ளிவாசலும் பார்க்க வேண்டியவை. இரவு பெரம்பலூரில் தங்கலாம்.

இரண்டாம் நாள் தெற்கே. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்கள், வெள்ளிக்கிழமைகளில்தான் திறந்திருக்கும், அதற்கேற்ப நாளைக் குறிக்கலாம். அங்கிருந்து காரை. செடிகொடி அதிகமில்லாமல் மழைநீர் அரித்த செம்மண் மேடுகளும் பள்ளங்களும் பரந்து கிடக்கும் இந்த நிலம், கிரெட்டேசியஸ் காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது. சற்றுத் தள்ளிச் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் ஒன்று, சுமார் 18 மீட்டர் நீளத்தில் படுத்துக் கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-இல் இதை உலகுக்கு அறிவித்தார், இன்று அது தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். தொல்லுயிர்ப் படிவங்களைப் பொறுக்கி எடுத்துப்போகக் கூடாது. மாலையில் அரியலூர்.

மூன்றாம் நாள் காலையில் கரைவெட்டி ஏரி. 1999-இல் பறவைகள் சரணாலயமான இது 2024-இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நவம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் வரும், பட்டைத்தலை வாத்து அவற்றில் ஒன்று. பிறகு திருமானூர் வழியாகக் கொள்ளிடக் கரை. வீரமாமுனிவர் தொண்டாற்றிய ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா ஆலயம் இந்த வழியில்தான். தா.பழூர் தாண்டி முதலாம் ராஜேந்திர சோழனின் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம். அங்குள்ள பெருங்கோயில் 2004 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். ஜெயங்கொண்டத்தில் தங்கலாம்.

நான்காம் நாள், முந்திரித் தோப்புகள் நிறைந்த பகுதி வழியாகச் செந்துறை, அங்கிருந்து வடக்கே லப்பைக்குடிக்காடு.

இந்தச் சுற்றில் இரண்டு எச்சரிக்கைகள். அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் இருப்பதால் முக்கியச் சாலைகளில் டிப்பர் லாரிகளின் ஓட்டம் அதிகம். கிராமச் சாலைகளைத் தேர்ந்தெடுப்பதும், இருட்டில் ஓட்டாமல் இருப்பதும் கட்டாயம். மார்ச்சுக்குப் பிறகு வெயில் கடுமை என்பதால் விடியும்போதே கிளம்பிப் பத்து மணிக்குள் பெரும்பகுதியை முடித்துவிட வேண்டும்.

அடுத்த தேதி

பெரிய பயணத்துக்கு மறுபடி தேதி குறிக்கும்போது ஒரு தேதிக்குப் பதில் இரண்டு தேதிகளை வைத்துக்கொள்வது நல்லது. டெல்டாவையும் கடலோரத்தையும் தொடும் வழிகளுக்கு ஜனவரியும் பிப்ரவரியும் ஏற்றவை. புறப்பாட்டுக்குச் சில நாள் முன்பு ஒரு ‘முடிவு நாள்’ குறித்து, இந்திய வானிலை ஆய்வுத்துறை வழியிலுள்ள மாவட்டங்களுக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் இரண்டாம் தேதிக்குப் போவதென்று எல்லோரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். முடிவெடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் விட்டால் கடைசி நேர வாக்குவாதம் இராது.

பாதி வழியில் நிறுத்த நேர்ந்தால் வீடு திரும்பும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். பெரம்பலூர் நகரில் ரயில் நிலையம் இல்லை. லப்பைக்குடிக்காட்டுக்காரர்களுக்கு விழுப்புரம் - திருச்சி பாதையில் உள்ள பெண்ணாடமும் அரியலூரும் உதவும். ஒருவர் விலகினால் மற்றவர் தொடர்வதா, எந்த நிலையில் எல்லோரும் திரும்புவது, பொதுப்பணம் எப்படிப் பிரியும் ஆகிய மூன்றுக்கும் விடையை எழுதிக் கையொப்பமிட்டுக் கொண்டால், அடுத்த ரத்து வந்தாலும் இழப்பு தேதியோடு நிற்கும்.